நல்லாத்தான் இருக்கு

சமையல்கட்டைச் சோதிக்க வந்த அதிகாரியம்மா கைப்பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்து அடுப்பு மேடைக்குக் கீழே அடித்தார். வெளிச்சம் குழாய் வளைவைத் தடவி, துடைத்து வைத்த தரையில் ஊர்ந்து, மூலையில் போய் நின்றது. கேன்டீனம்மாவின் மூச்சும் அங்கேயே போய் நின்றது. ஒரே ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து வணக்கம் சொன்னால் போதும், மாதக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் வீண். ஒன்றும் வரவில்லை. அதிகாரியம்மா நிமிர்ந்தார். அவர் முட்டி கடக்கென்று சத்தம் போட்டது. பாவம், இவருக்கும் நம்ம வயசுதான் போல என்று நினைத்தாள் கேன்டீனம்மா. அந்த நினைப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பூனை, நாய் ஏதாவது வளர்க்கறீங்களா?"

"இல்ல மேடம்."

"வீட்ல வேற யாரு?"

"நானும் இவரும்தான். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு."

வாசற்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஃபிட்டர், தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சமைக்கறப்ப இவரு உதவி பண்ணலாம். ஆனா வீட்டாளுங்க மட்டும்தான். பக்கத்து வீடு, எதிர்வீடு, சொந்தபந்தம்னு யாரும் சமையல்கட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. சும்மா அரட்டை அடிக்கறதுக்குக் கூட. கடைக்குப் போடக் கூடாது, திங்கறவங்க கையில நேரா குடுக்கணும். ஃப்ரிட்ஜுல வெச்சாத்தான் கெடாம இருக்கும்ங்கற பொருள் எதுவும் செய்யக் கூடாது. பொட்டலத்து மேல என்னென்ன போட்டிருக்குன்னு எழுதி, வீட்டுச் சமையலறையில் செய்ததுன்னும் எழுதணும். புரியுதா?"

"புரியுது மேடம்."

புரியாமல் என்ன, அந்த விதிப் புத்தகத்தை அவள் மனப்பாடமே செய்திருந்தாள். வீட்டில் சமைத்து விற்க ஒருவர் என்னென்ன செய்யக் கூடாது என்பதை அதை எழுதினவரைவிட அவள் நன்றாகச் சொல்லுவாள்.

அதிகாரியம்மா சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினார். "ஏதோ கருகற வாசனை வருதே?"

கேன்டீனம்மாவின் கண் அடுப்புக்கு ஓடியது. அணைந்திருக்கிறது. ஓவனுக்கு ஓடியது. அதுவும் அணைந்திருக்கிறது. என்ன கருகுகிறது, எங்கே கருகுகிறது, நிஜமாகவே கருகுகிறதா? கண் கடைசியாகப் போய் விழுந்தது வாசற்படியில்.

"கீழ டெய்லர் வீட்டு இஸ்திரிப்பெட்டி மேடம்," என்றார் ஃபிட்டர், அலட்டிக்கொள்ளாமல். "துணி மேல பெட்டியை வெச்சுட்டு போனை எடுத்தாங்கன்னா துணிக்கு அன்னிக்கு விதி முடிஞ்சுது."

அதிகாரியம்மா முதல் தடவையாகச் சிரித்தார். கேன்டீனம்மாவும் சிரித்துவைத்தாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு மூக்கு இருந்தது, வாசனை இல்லை. ஊரெல்லாம் வந்து போன காய்ச்சல் அவளுக்கும் வந்தது, எல்லாருக்கும் போல அவளுக்கும் போனது, போகும்போது இதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூண்டை நசுக்கி மூக்குக்கு நேரே பிடித்தாள். பினாயில் பாட்டிலைத் திறந்தாள். ஒரு நாள் ஃபிட்டர் கழற்றிப்போட்ட சட்டையில் முகத்தைப் புதைத்தாள். இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய அந்த எண்ணெய்யும் வியர்வையும் கலந்த வாடை எங்கேயோ போய்விட்டிருந்தது. கையில் இருந்தது வெறும் துணி. நாக்குக்கு உப்பு தெரியும், இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். மற்றதெல்லாம் ஈரமான பஞ்சு. டாக்டர் முதலில் வந்துவிடும் என்றார், அப்புறம் வரலாம் என்றார், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்தார்.

விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: உணவைக் கையாளுபவர் நோயற்றவராக இருத்தல் வேண்டும். மூக்கு போனது நோயா, இல்லையா? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை. "ஆபீசுல கேட்டுடலாமா?" என்று ஃபிட்டரிடம் கேட்டாள். "கேட்டாத்தானே வம்பு? நான் எதுக்கு இருக்கேன்? நான் மோந்து சொல்றேன், தின்னு சொல்றேன். என் மூக்கு உன் மூக்கு," என்றார். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படி வசனம் பேசியதில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதிகாரியம்மா கடைசியாக மேல்தட்டில் இருந்த பெரிய தகர டின்னைத் தட்டினார். "இதுல என்ன?"

"வறுத்துப் பொடிச்ச வேர்க்கடலை மேடம். பிஸ்கட்டுக்கு."

அதிகாரியம்மா மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "தரையில இருந்து ஒசரத்துல இருக்கு. மூடி டைட்டா இருக்கு. சரி." காகிதத்தில் ஒரு கோடு விழுந்தது. மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை.

அந்த வேர்க்கடலைப் பிஸ்கட்டுக்குப் பின்னால் ஒரு ஆலையே இருந்தது. சங்கு ஊதி, தறி நின்று, ஆட்கள் காதில் பஞ்சோடு கேன்டீனுக்குள் நுழையும்போது அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததே அந்த வாசனைதான். மேனேஜர் வீட்டு விசேஷத்துக்கும் அவள் தட்டுதான் போகும். கைமணம்மா உங்களுக்கு, நீங்க மட்டும் தனியா ஆரம்பிச்சீங்கன்னா தெரு முனை வரைக்கும் கூட்டம் நிக்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. அப்போது அவளுக்குத் தனியாக ஆரம்பிக்க அவசியம் இருக்கவில்லை. பிறகு ஒரு காலையில் ஆலை வாசலில் பூட்டும் அறிவிப்பும் தொங்கின. தறிக்கு எண்ணெய் போட்டவருக்கும் வேலையில்லை, தறிக்காரர்களுக்குச் சோறு போட்டவளுக்கும் வேலையில்லை. கைக்கு வந்ததை எல்லாம் போட்டு ஓவன் வாங்கினார்கள். இனி இது ஓடவில்லை என்றால் மகள் வீட்டு ஹாலில் படுக்கையைப் போட வேண்டும். மருமகன் நல்லவர்தான். அதனால்தான் போகக் கூடாது என்றிருந்தாள்.

கேன்டீனில் ஒரு பழக்கம். கடலையை மூட்டையாக வறுத்து, மொத்தமாகப் பொடித்து, டின்னில் அடைத்துவிடுவாள். கேன்டீன் பசிக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும். இங்கேயும் கை அந்தப் பழக்கத்திலேயே போனது. அதிகாரி இந்த வாரம் வருவார், அடுத்த வாரம் வருவார் என்று ஆபீசிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வந்து பார்த்த அன்றே வியாபாரம் ஆரம்பித்துவிட வேண்டும் என்று அவள் பொடித்து வைத்துவிட்டாள். டின் மேல்தட்டில், வெயில் குடித்த சுவரை ஒட்டி, கீழே அடுப்புச் சூடு ஏற ஏற, சமர்த்தாக உட்கார்ந்து காத்திருந்தது.

அனுமதிப் பத்திரம் வந்தது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டினார் ஃபிட்டர். மட்டக்கோல் வைத்துப் பார்த்து, ஆணியை இரண்டு தடவை பிடுங்கி அடித்து, மயிரிழை சாயாமல் மாட்டினார்.

முதல் அடி டெய்லரம்மாவுக்கு விழுந்தது. கீழ்வீட்டில் தையல் போடுகிறவள், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மாடியேறி வந்து சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, பாத்திரத்து மூடியை எல்லாம் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, தெருவின் சமாசாரம் அத்தனையும் சொல்லிவிட்டுப் போகிறவள். அன்றைக்கும் வந்தாள். கேன்டீனம்மா சமையல்கட்டு வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"இனிமே உள்ள வரக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"என்னக்கா, நான் என்ன கரப்பானா?"

"கரப்பானா இருந்தா மருந்து வெச்சிருப்பேன். உனக்கு மருந்து இல்லியே. ஹால்ல உக்காரு, வரேன்."

டெய்லரம்மா சிரித்தாள். ஹாலில் உட்காரவும் செய்தாள். ஆனால் பேச்சு ஓடவில்லை. சமையல்கட்டில் பேசுகிற பேச்சு வேறு, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு வேறு. மறுநாள் ஒரு தடவைதான் வந்தாள். அடுத்த வாரம் வரவே இல்லை.

முதல் தட்டு பிஸ்கட் ஓவனிலிருந்து வெளியே வந்தபோது கேன்டீனம்மா அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறம் சரி. ஓரத்தில் அந்தச் செம்பு வளையம் சரி. விரலால் தட்டினால் வருகிற சத்தமும் சரி. எல்லாம் ஊமைப்படம் மாதிரி இருந்தது. ஃபிட்டரைக் கூப்பிட்டாள். அவர் கையைக் கழுவி, துடைத்து, பரீட்சை எழுதப் போகிறவர் போல உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். மென்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாத்தான் இருக்கு."

"கேன்டீன்ல செஞ்ச மாதிரியே இருக்கா?"

"அதே மாதிரி," என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அந்த இரண்டாவது பிஸ்கட்டில்தான் அவள் மனசு அமர்ந்தது. மரியாதைக்கு எவனாவது இரண்டாவதும் தின்பானா?

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. மறந்தாள் என்று சொல்வதும் தப்பு. ஊருக்கெல்லாம் அவளே பெருமையாகச் சொல்லித் திரிந்த கதை அது. கல்யாணமான முதல் மாதம் ஒரு நாள் குழம்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். கரி வாடை வீட்டையே தூக்கியது. ஃபிட்டர் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் காலி செய்து, கழுவி, கவிழ்த்து வைத்தார். அவள் அழுதபோதுதான் சொன்னார். அவருடைய அப்பா தட்டை வீசுகிறவர். உப்பு கூடினால் தட்டு சுவரில், குறைந்தால் தட்டு முற்றத்தில். வீசிவிட்டு அவர் வெளியே போய்விடுவார். அம்மா குந்தி உட்கார்ந்து சுவரைத் துடைத்து, தரையில் இறைந்ததைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்குவாள். சுவரில் தட்டு விளிம்பு பட்ட வடுக்களைச் சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாராம். "சாப்பாட்டுல குத்தம் சொல்ற நாக்கு எனக்கு வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்," என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் சோறு குழைந்ததும் இல்லை, காய் வேகாமல் இருந்ததும் இல்லை. எல்லாமே நல்லாருக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷனைத் திட்டும்போதெல்லாம் அவள் இந்தக் கதையை எடுத்துவிடுவாள். உனக்கென்னம்மா, கோயில் கட்டிக் கும்பிடலாம் என்பார்கள்.

அந்த மனுஷனைத்தான் அவள் தன் மூக்காக வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கட்டடத்து வாசலில் மேஜை போட்டார்கள். ஃபிட்டர் வெள்ளைத் துணி விரித்தார். பழைய ஆலை ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தறிக்கூடத்து ஆட்கள், சாயப்பட்டறை ஆட்கள், கேட்டில் நின்ற வாட்ச்மேன், கடைசியில் சூப்பர்வைசர். வேலை போன பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதவர்கள் அந்த மேஜையைச் சுற்றி நின்று தோளில் தட்டிக்கொண்டார்கள். "கேன்டீனம்மா, சங்கு ஊதலியே, எப்படிக் குடுப்பீங்க?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தின்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் மேஜை காலி. மாலை அவள் ஃபிட்டருக்குத் தெரியாமல் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அது சந்தோஷ அழுகை என்றுதான் நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை வாட்ச்மேன் மட்டும் வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்று மழை வருமா வராதா என்று வெகுநேரம் பேசிவிட்டு, "எனக்கு சுகர் வந்துடுச்சும்மா, டாக்டர் திட்டறாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் மனைவியைத் தெருவில் பார்த்தாள். அவர் வீட்டிலும் சுகர். சாயப்பட்டறைக்காரர் போனை எடுத்து, தன் மச்சானுக்குச் சுகர், அதனால் வீட்டில் யாருமே இனிப்பு தொடுவதில்லை என்றார். ஒரே வாரத்தில் ஊருக்கே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அதற்கும் அடுத்த சனிக்கிழமை வெள்ளைத் துணியின் மேல் பொட்டலங்கள் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தன. தெரிந்த முகங்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏதோ அவசரமாகப் போயின. "சீசன் சரியில்ல," என்றார் ஃபிட்டர். பிஸ்கட்டுக்கு என்ன சீசன் என்று அவள் கேட்கவில்லை. மறுபடி ஒரு தட்டு போட்டாள். "எப்படி இருக்கு?" "நல்லாருக்கு."

பின்பக்கத்துப் பொதுக் குப்பைத் தொட்டியில் காய்த்தோலைக் கொட்டப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். மேலாகக் கிடந்தது. அவளே வெட்டி ஒட்டிய சீட்டு, அவளே எழுதிய எழுத்து: வீட்டுச் சமையலறையில் செய்தது. பொட்டலம் பிரித்திருந்தது. ஒரே ஒரு பிஸ்கட் கடிபட்டிருந்தது. அதையும் விழுங்கவில்லை, பாதி மென்று துப்பியிருந்தது. மற்றதெல்லாம் அடுக்கின மாதிரியே இருந்தன. காய்த்தோலைக் கொட்டாமல் கையை உள்ளே விட்டாள். அடியில் இன்னொன்று. அதற்கும் கீழே, பிரிக்கவே பிரிக்காமல், இன்னொன்று.

விறுவிறுவென்று டெய்லர் வீட்டுக்குள் நுழைந்தாள். டெய்லரம்மா உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய ரவிக்கைக்கோ கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"என் பொட்டலத்தைக் குப்பையில போட்டது யாரு?"

டெய்லரம்மா ஒவ்வொரு ஊசியாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"ஒண்ணு நான் போட்டது. மத்தது யாருதுன்னு தெரியாதுக்கா."

"உள்ள விடலைன்னு வயித்தெரிச்சலா?"

"உள்ள விட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, நீங்க தின்னு பாத்தீங்களா?"

கேன்டீனம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"காறல் அடிக்குதுக்கா. பழைய எண்ணெய் டப்பாவை நக்கின மாதிரி. என் பொட்டலம் மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன். அப்புறம் மேல டீச்சரும் சொன்னாங்க. வாட்ச்மேன் வீட்ல குழந்தை துப்பிடுச்சாம். உங்ககிட்ட யாரு சொல்றது? எல்லாரும் உங்க கையால தின்னவங்க. நீ சொல்லு, நீ சொல்லுன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிக்கிட்டோம்." தையல் சாக்கட்டியை எடுத்து விரலில் உருட்டினாள். "அண்ணன் திங்கலியா?"

"தின்னாரு."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

கேன்டீனம்மா ரவிக்கைத் துணியைப் பார்த்தாள். நல்ல பச்சை.

"சொன்னாரு," என்றாள். "நான்தான் காதுல வாங்கலை."

மாடி ஏறும்போது கால் தானாக ஏறியது. சமையல்கட்டுக்குப் போய் மேல்தட்டிலிருந்து டின்னை இறக்கி, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்தாள். முகத்தை உள்ளே விட்டாள். இழுத்தாள். இருட்டு இருந்தது, தகரத்தின் கதகதப்பு இருந்தது. இன்னும் பலமாக இழுத்தபோது பொடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

ஃபிட்டர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். திறந்த டின்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"இதை மோந்து பாருங்க."

அவர் குனியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எப்பத் தெரியும்?"

"முதல் தட்டுலயே."

"ரெண்டாவது ஒண்ணு எடுத்துத் தின்னீங்களே."

"நீ பாத்துக்கிட்டே இருந்தியேம்மா."

கீழே டெய்லரம்மாவின் மிஷின் ஓட ஆரம்பித்து, நின்று, மறுபடி ஓடியது.

"அன்னிக்கு நான் தட்டுல போட்டுட்டு நல்லாருக்கான்னு கேட்டு நின்ன பொண்டாட்டி இல்லீங்க. என் மூக்கைக் கழட்டி உங்க கையில குடுத்திருந்தேன்."

"தெரியும்."

"அப்புறம்?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வார்த்தை வரலை." கையைப் பார்த்துக்கொண்டார். தறியைப் பிரித்துப் பூட்டின கை. ஒரு பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லி, மேனேஜரோடு மல்லுக்கு நின்று, மாற்றாமல் விடமாட்டார். "எங்கம்மா குந்தி உக்காந்து பொறுக்கினது கண்ணு முன்னால வந்து நின்னுடுச்சு. ஒவ்வொரு தடவையும் வந்து நிக்குது. நான் என்ன பண்ண?"

கத்திவிடலாம் என்றிருந்தது. கத்துவதற்கு எது கையில் இருக்கிறது என்று தேடினாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தது பெரிதாக ஒன்றுமில்லை. நகையில்லை, வீடில்லை. ஒருநாள்கூடத் தட்டு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்ததில்லை, அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் அவள் தெருவில் ராணி மாதிரி நடந்தாள். இப்போது அதையே தூக்கி அவர் மேல் எறிய வேண்டும். கை வரவில்லை.

"ஊரே தட்டை வீசிடுச்சுங்க," என்றாள் மெதுவாக. "சத்தமில்லாம. பின்னால குப்பைத் தொட்டியில."

அவர் பையிலிருந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஆபீசுக்குப் போன் போட்டாள். அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போட்டாள். அதிகாரியம்மாவே எடுத்தார். கேன்டீனம்மா தனக்கு வாசனை தெரியாது, சொல்லாமல் மறைத்தது தப்புதான் என்றாள். எதிர்ப்பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"மூக்கா? மூக்குக்கெல்லாம் ரூல் இல்லியேம்மா. தொத்து வியாதி, புண்ணு, வயித்துப்போக்கு, அதான் கணக்கு. யாருக்காவது தின்னுட்டு உடம்புக்கு முடியாமப் போச்சா?"

"இல்ல மேடம். நல்லால்லைன்னு சொல்றாங்க."

"நல்லாருக்கணும்னும் ரூல் இல்ல," என்றார் அதிகாரியம்மா. கேலியாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். "உங்க கிச்சன் ரொம்ப சுத்தம்மா. அனுமதி அப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷம் புதுப்பிச்சுக்கங்க."

டெய்லரம்மாவைக் கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்து மோந்து பார்க்கச் சொன்னால் என்ன? அதையும் யோசித்தாள். பாதிப் படி இறங்கினாள். கீழே இரண்டு பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டெய்லரம்மாவுக்குத் தெரிந்தால் மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரியும். மூக்கில்லாத சமையல்காரி என்று சொல்லமாட்டார்கள், பாவம் என்பார்கள். பாவம் பார்த்து ஒரு பொட்டலம் வாங்கி, பின்பக்கம் போய்ப் போடுவார்கள். திரும்பி ஏறினாள்.

டின்னைக் கொட்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். மிச்சமிருந்த உப்பில்லாத வெண்ணெய்க்கு அளவாகக் கொஞ்சம் புதுக் கடலை வாங்கி வந்து, அன்றைக்கே வறுத்து, அன்றைக்கே பொடித்தாள். இதை வாங்க யார் வரப்போகிறார்கள் என்று தெரியவில்லை. கை சும்மா இருந்தால் மகளுக்குப் போன் போட்டுவிடும், அதற்காகவே பிசைந்தாள். தட்டு ஓவனுக்குள் போன பிறகு, விரலில் ஒட்டியிருந்த மாவை நாக்கில் வைத்தவள் நின்றாள். இனிப்பு இருந்தது. உப்பு இல்லை. போடவே மறந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நடக்காத விஷயம். ஒரு சிட்டிகை உப்பு விழாவிட்டால் இந்த பிஸ்கட் வெறும் சப்பை, சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

சின்னக் குழந்தை சொல்லிவிடும் என்று நினைத்ததும்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. மூடியிருந்த ஓவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவர் சொல்லட்டும். சப்பென்று இருக்கு, உப்பு போடலியா என்று ஒரு வார்த்தை. இது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும். மூக்கு திரும்பி வந்த மாதிரிதான். மேஜையைப் போடலாம், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டலாம், ஒருதடவை தின்னு பாருங்க என்று காலில்கூட விழலாம்.

பிஸ்கட் ஆறியதும் அவரைக் கூப்பிட்டாள். ஃபிட்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் எதிரில் உட்காரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வாய் வராது. திரும்பி நின்று, துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள்.

"உள்ளதைச் சொல்லுங்க. எங்கிட்ட இல்ல, தறிகிட்ட பேசற மாதிரி சொல்லுங்க."

"சொல்றேன்மா. இனிமே சொல்லிடறேன்."

கடிக்கிற சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம். வெகுநேரம் மென்றார். அவர் யோசிக்கிறார் என்பது முதுகுக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமினார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வாழ்நாளில் சொல்லாததைச் சொல்லப்போகிறவர் பலத்தையெல்லாம் திரட்டுவது தெரிந்தது. அவள் துணியைப் பிழிந்த கையோடு அப்படியே நின்றாள்.

"நல்லாருக்கு. ஆனா..."

"ஆனா?"

"ஆனா உப்பு... உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா."

அவள் திரும்பினாள். அவர் முகம் வியர்த்திருந்தது. கண்ணில் பயமும், பயத்துக்கு மேலே, முதல் தடவையாகச் சைக்கிளை விழாமல் ஓட்டிவிட்டவனின் பெருமையும் இருந்தன. சொல்லிவிட்டேன் பார்த்தாயா என்று அந்த முகம் அவளைக் கேட்டது. அவளுக்கு எந்த ருசியும் தெரியாது என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். நாக்குக்கு உப்பு தெரியும் என்று அவளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"சரிங்க," என்றாள். "குறைச்சுப் போடறேன்."

"கோவமில்லியே?"

"இல்லீங்க."

அவர் உடம்பு தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. பெரிய சுமையை இறக்கி வைத்தவரைப் போல நிம்மதியாக இன்னொன்றை எடுத்துக் கடித்தார். பிறகு, மேஜையில் உதிர்ந்திருந்த தூள்களை உள்ளங்கை விளிம்பால் பொறுமையாக ஓரத்துக்குத் தள்ளி, மறுகையில் ஏந்தி, ஒரு துணுக்கும் கீழே சிந்திவிடாமல், அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார்.